பூட்டு அண்ணனும் சின்ன மச்சான் கார்டும்

அடுத்தவனை நம்பாத மனிதர்கள் போடிநாயக்கனூரில் தெருவுக்கு நாலு பேர் உண்டு. தன்னையே நம்பாத மனிதர் பூட்டு ஒருத்தர்தான். கடை ஷட்டரை இழுத்து மூன்று பூட்டுப் போடுவார். பத்தடி நடப்பார். திரும்பி வந்து மூன்றையும் ஆட்டிப் பார்ப்பார். பிறகு பக்கத்துப் பழக்கடைக்காரரிடம், "பூட்டுனது நாந்தான? நீ பாத்தேல்ல?" என்பார். பழக்கடைக்காரர் ஆமாம் என்றால் அவரையும் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். இவன் எதற்கு நம்மையே பார்த்துக்கொண்டிருந்தான் என்று.

ரேஷன் கார்டில் அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். ஊரில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. தபால்காரர்கூட "பூட்டு அண்ணே, ரிஜிஸ்டர் தபாலு" என்றுதான் கூப்பிடுவார். அதற்கும் இவர் அவருடைய அடையாள அட்டையைக் கேட்பார்.

மலைக்கு ஏலக்காய் வேலைக்குப் போகிற ஜீப்புகள் நிற்கும் ஸ்டாண்டுக்கு எதிரே அவருடைய ஜெராக்ஸ் கடை இருந்தது. நான் அந்தப் பக்கம் வந்து சேர்ந்த கதை பெரிய கதை இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். திருப்பூரில் பனியன் கம்பெனி, கம்பத்தில் திராட்சைத் தோட்டம், கேரளாவில் ரப்பர் பால் வெட்டு என்று சுற்றினேன். இடையில் டிரைவிங் கற்று லைசென்ஸும் எடுத்தேன். ஓட்ட வண்டி கிடைக்காததால் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்புக்கு விறகு தள்ளினேன். தங்குவதற்குத் தகரம் போட்ட ஓர் அறை. மழை பெய்தால் உள்ளேயும் பெய்யும். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மழை நின்றால் ஒழுகுவதும் நின்றுவிடும்.

பூட்டு டீ குடிப்பதைப் பார்ப்பதற்கென்றே ஸ்டாண்டில் ஒரு கூட்டம் நிற்கும். பன்னிரண்டு ரூபாய் டீ. போனில்தான் காசு அனுப்புவார். ஆனால் பன்னிரண்டையும் ஒரே தடவையில் அனுப்ப மாட்டார்.

"அப்பு, ஒரு ரூபா அனுப்பியிருக்கேன். ஒனக்குத்தான் வந்துச்சா, பாரு."

"வந்துருச்சுண்ணே."

"பேரு என்ன காட்டுது?"

"எம் பேருதாண்ணே. பொறந்ததுலருந்து இதே பேருதான்."

"சரி, இரு. மிச்சத்த அனுப்புறேன்."

மிச்சப் பதினொன்றும் போய்ச் சேர்வதற்குள் டீ ஆறி ஆடை கட்டிவிடும். "என்னப்பா, பச்சத் தண்ணியா இருக்கு, வேற போட்டுக் கொண்டா" என்பார். டீக்கடைக்காரர் நல்ல மனிதர். வாயைத் திறக்காமல் பாத்திரத்தை மட்டும் பலமாக வைப்பார்.

ஒருமுறை பேங்கிலிருந்து ஒரு பெண் போன் செய்து பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லியிருக்கிறாள். "எம் பொறந்தநாளு ஒனக்கு எப்பிடித் தெரியும்?" என்று ஆரம்பித்து இவர் கால் மணி நேரம் அவளை வறுத்தெடுத்தார். மறுநாள் பேங்குக்கே போய், உங்கள் பெயரைச் சொல்லி ஒரு பொம்பளை ஊரை ஏமாற்றுகிறாள் என்று புகார் எழுதிக் கொடுத்தார். அந்தப் புகாரை வாங்கி முத்திரை குத்திக் கொடுத்தது அதே பெண்தான்.

இப்படிப்பட்ட ஆளுக்கு யாரோ விர்ச்சுவல் கார்டைக் காட்டிவிட்டார்கள். கையில் பிடிக்க முடியாத கார்டு அது. பேங்க் ஆப்பில் ஒரு தட்டுத் தட்டினால் ஒரு புது நம்பர் வரும். அதில் எவ்வளவு வரைக்கும் செலவழிக்கலாம் என்று நாமே வரம்பு வைக்கலாம். வேண்டாதபோது பூட்டலாம், வேண்டும்போது திறக்கலாம். எவன் கையில் சிக்கினாலும் அந்த வரம்புக்கு மேல் ஒரு பைசா நகராது. பூட்டுக்காகவே ஒருத்தன் உட்கார்ந்து செய்ததுபோல் இருந்தது. காலையில் எழுந்து சாமி கும்பிடுவதை நிறுத்திவிட்டு ஆப்பைத் திறந்து பார்க்க ஆரம்பித்தார் என்று அவர் மனைவி சொன்னார்.

ஒவ்வொரு செலவுக்கும் ஒரு கார்டு. ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு சொந்தக்காரர் பெயர். எந்தச் சொந்தக்காரரை எவ்வளவு நம்புகிறாரோ அவ்வளவுதான் அந்தக் கார்டின் வரம்பு. கரண்டு பில்லுக்கு மாமனார் கார்டு. போன் ரீசார்ஜுக்கு சித்தப்பா கார்டு. சகலை பெயரில் ஒரு கார்டு இருந்தது, வரம்பு பத்து ரூபாய். அதை வைத்து எதையும் வாங்க முடியாது. "தெரியும், இருந்தாலும் அவரு பேரு விட்டுப்போனா வருத்தப்படுவாரு" என்றார். மேகத்துக்குச் சின்ன மச்சான் கார்டு.

மேகம் என்று அவர் சொன்னது கிளவுடை. கணினியிலும் போனிலும் வைக்க முடியாததை எங்கோ தொலைதூரத்துக் கம்பெனியின் இடத்தில் போட்டு வைத்து, அதற்கு மாத வாடகை கட்டுகிற ஏற்பாடு. ஜெராக்ஸ் கடைக்காரருக்கு அது எதற்கு என்று கேட்கலாம். மேலே எஸ்டேட் லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், வருசத்தில் பாதி நாள் மழை, மீதி நாள் பனி. டிரங்குப் பெட்டியில் வைத்த சாதிச் சான்றிதழில் ஆறு மாதத்தில் பூஞ்சை பூத்துவிடும். ஆதார், ரேஷன், பிள்ளைகளின் மார்க் சீட்டு எல்லாவற்றுக்கும் அதே கதிதான். அதனால் மலைச் சனங்கள் கீழே வரும்போது காகிதங்களைப் பூட்டிடம் கொடுத்து ஸ்கேன் செய்து மேகத்தில் ஏற்றிவிட்டுப் போவார்கள். உலகத்திலேயே யாரையும் நம்பாத மனிதரைத்தான் அந்தச் சனம் மொத்தமும் நம்பியது. இதைவிடப் பெரிய கேலி எனக்குத் தெரிந்து இல்லை.

"பூட்டண்ணே, எம் பேப்பரு பூராம் பத்திரந்தான? மேல மழ ஊத்துது" என்று ஜீப்பிலிருந்தே கேட்பார்கள் தோட்டத்துப் பெண்கள்.

"இருக்கு, இருக்கு. மேகத்துல மழ பெய்யாது ஆத்தா, போ" என்பார்.

அவர் மேகத்துக்கு வாடகை கட்டிய முறைதான் விசேஷம். மலையில் ஏலக்காய் முழுவதும் ஒரே நாளில் விளைந்துவிடாது. நாற்பது, நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு தடவை எடுப்பார்கள். அதற்கு எடுப்பு என்றே பெயர். ஓர் எடுப்பு முடிந்தால் சனத்தின் கையில் காசு புரளும். ஜீப்பில் இறங்குவார்கள், மளிகை வாங்குவார்கள், பூட்டுக்கும் ஏதோ கொடுப்பார்கள். அன்றைக்குத்தான் பூட்டு ஆப்பைத் திறந்து சின்ன மச்சானின் பூட்டை எடுப்பார். கம்பெனி வாடகையை எடுத்துக்கொண்ட அடுத்த நிமிசம் மறுபடி பூட்டிவிடுவார். மாதம் முப்பது நாளைக்கு ஒரு தடவை என்று கம்பெனி சொல்லியிருந்தது. பூட்டு எடுப்புக்கு ஒரு தடவை என்று முடிவு செய்திருந்தார்.

"அவன் முப்பது நாளுன்னுதாண்ணே போட்டுருக்கான்" என்று நானே ஒருதடவை சொன்னேன்.

"போட்டுருப்பான். ஏலக்கா முப்பது நாள்ல வெளையுமா? போன எடுப்புக்கும் அப்பிடித்தான் குடுத்தேன், வாங்கிக்கிட்டான். அதுக்கு முந்துன எடுப்புக்கும் வாங்கிக்கிட்டான். ஒத்துக்கிட்டான்னுதான அர்த்தம்?"

பணம் வராவிட்டால் கம்பெனி பதினைந்து நாள் பொறுத்துப் பார்க்கும். முப்பதும் பதினைந்தும் நாற்பத்தைந்து. ஒரு வருசமாக அந்தக் கணக்கு தானாகப் பொருந்திவந்தது. இவர் என்னடாவென்றால் வெளிநாட்டுக்காரன் போடிமெட்டு வழக்கத்துக்கு வந்துவிட்டான் என்று ஸ்டாண்டு முழுக்கப் பெருமை பேசிக்கொண்டிருந்தார்.

அந்த வருசம் மழை விடவில்லை. எடுப்பு பத்து நாள் தள்ளிப்போனது. ஏலக்காய் தள்ளிப்போனது கம்பெனிக்காரனுக்குத் தெரியவில்லை.

அதே மழையில்தான் என் அறைத் தகரம் ஒரு பக்கம் பிய்ந்தது. பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்த என் டி.சி. கஞ்சியாகிவிட்டது. நான் எட்டாம் வகுப்புத் தேறியவன் என்பதற்கு இருந்த ஒரே சாட்சி அது. பள்ளிக்கூடத்தை மூடி எத்தனையோ வருசம் ஆகிவிட்டது. பழைய ரெஜிஸ்டர்களைக் கரையான் தின்றுவிட்டதாக விசாரித்த இடத்தில் சொன்னார்கள். எப்போதோ பூட்டு வற்புறுத்தி அதை ஸ்கேன் செய்து வைத்திருந்ததால் நான் கவலைப்படவில்லை.

அந்தச் சமயம் பார்த்து எனக்கு ஒரு வேலை வந்தது. ஏலக்காய் வியாபாரி ஒருவருடைய கிட்டங்கிக்கு, அதாவது சரக்குக் கிடங்குக்கு, வேன் டிரைவர் வேண்டும். மாதச் சம்பளம். அதைவிடப் பெரியது, கிட்டங்கி மாடியில் தங்க அறை. கான்கிரீட் கூரை. நான் போய் அந்தக் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டே வந்தேன். லோடு சீட்டில் எழுதத் தெரிந்த ஆள் வேண்டும் என்பதால் எட்டாம் வகுப்புச் சான்று கேட்டார்கள்.

"நகல் இருந்தாக்கூடப் போதும். நாளைக்குக் காலைல பத்து மணிக்குள்ள கொண்டா. இல்லேன்னா ராசிங்காபுரத்து ஆளு ஒருத்தன் பேப்பரோட நிக்கிறான்" என்றார் மேனேஜர்.

மத்தியானம் பூட்டின் கடைக்குப் போனேன்.

"அண்ணே, என் டி.சி. ஒரு பிரிண்டு வேணும். வெரசா."

"எதுக்கு?"

"வேலைக்கு."

"வேல குடுக்குறேன்னு சொன்னவன் நெச ஆளா? நேர்ல பாத்தியா?"

"பாத்தேண்ணே. அவரு போட்ட வெத்தல எச்சி என் சட்டையிலயே தெறிச்சிருக்கு, பாருங்க."

எச்சிலைக் குனிந்து பார்த்துத் திருப்தியான பிறகுதான் கணினியைத் திறந்தார். திரை முழுக்கச் சிவப்பு. வாடகை வரவில்லை, கணக்கை முடக்கியிருக்கிறோம், இன்றோடு எல்லாக் கோப்புகளும் அழிக்கப்படும் என்று எழுதியிருந்தது.

"திருட்டுப் பய எவனோ அனுப்பியிருக்கான்" என்று அதை மூடினார். மறுபடி திறந்தார். மறுபடியும் சிவப்பு.

மெயிலைத் திறக்கச் சொன்னேன். கம்பெனி ஆறு தடவை எச்சரித்து எழுதியிருந்தது. ஆறையும் இவர் மோசடி என்று குறித்து ஒதுக்கித் தள்ளியிருந்தார்.

"அண்ணே, இது நெசமாவே கம்பெனிக்காரன் எழுதுனது."

"அப்பறம் ஏன் அவசரம், அவசரம்னு எழுதியிருக்கான்? அவசரப்படுத்துறவன் பூராம் திருடன்."

"இன்னைக்கு அழிச்சுருவான்ணே. எம் பேப்பரு போச்சுன்னா எனக்கு வேல போச்சு."

அப்போதுதான் அவர் முகம் கொஞ்சம் மாறியது. அந்தக் கம்பெனி கார்டைத் தவிர வேறு எந்த வழியிலும் பணம் வாங்காது. என்னிடம் இருந்த கார்டு மிசினில் காசு எடுக்க மட்டும் ஆகும். ஆகவே சின்ன மச்சானைத் திறக்க வேண்டும். அதைத் திறக்க பேங்கிலிருந்து ரகசிய எண் வரும். அந்த எண் வருகிற சிம் கார்டு அவர் போனில் இல்லை. டீக்குக் காசு அனுப்புகிற கணக்கும் நம்பரும் வேறு.

"சிம்மு எங்கண்ணே?"

என் காதருகே குனிந்து, "வீட்ல பருப்பு டப்பாவுக்குள்ள" என்றார்.

சிலமலை போகிற ரோட்டில் அவர் வீடு. மழையில் மொபெட்டில் போனோம். மதினி, அதாவது பூட்டின் மனைவி, வாசலிலேயே நின்றார். விசயத்தைச் சொன்னதும், "பருப்பு டப்பாவா? போன வாரம் கழுவிக் கவுத்துனேனே" என்றார். பூட்டு சுவரைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் அவரை அப்படியே நிற்க வைத்துவிட்டு, "பயப்படாதீக. எடுத்து மல்லி டப்பாவுல போட்டிருக்கேன்" என்றார் மதினி. முப்பது வருசக் குடித்தனத்தில் அவருக்கும் கொஞ்சம் பொழுது போக வேண்டாமா?

மல்லித்தூள் மணக்கப் பூட்டு சிம்மைப் போனில் போட்டார். சின்ன மச்சான் திறந்தது. வாடகை எவ்வளவோ, ஒரு ரூபாய் கூடாமல் அதையே வரம்பாக வைத்தார். பணம் போகவில்லை. வரியைச் சேர்க்கவில்லை.

"மேகத்துக்கு என்னய்யா வரி?" என்று கத்திக்கொண்டே வரியைச் சேர்த்தார். அப்போதும் போகவில்லை. பாக்கி நின்ற மாதத்துக்கும் சேர்த்துக் கேட்டது. "முடியாது. அந்த மாசம் எடுப்பே நடக்கல" என்றார் போனைப் பார்த்து. மூன்றாவது தடவை அவசரத்தில் வரம்பைத் தப்பாக அடித்தார். அதுவும் போகவில்லை. மூன்று தடவை தவறியதால், பாதுகாப்பு கருதி நாளை வரை உங்கள் எல்லா விர்ச்சுவல் கார்டுகளும் முடக்கப்படுகின்றன என்று பேங்க் சொல்லிவிட்டது.

அந்த மனிதர் செய்ததைக் கேளுங்கள். போனை என்னிடம் நீட்டி, முகம் மலர, "பாத்தியா? என்னா ஒரு பாதுகாப்பு!" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. நான் அடி வாங்கியிருக்கிறேன், பட்டினி கிடந்திருக்கிறேன், அதற்கெல்லாம் கத்தியதில்லை. அன்றைக்குக் கத்தினேன். "ஒங்க பாதுகாப்பத் தூக்கி ஒடப்புல போடுங்க. ஒரு மனுசன நம்பியிருக்கீகளா? டீக்கடக்காரன நம்பல, பேங்க நம்பல, கட்டுன பொண்டாட்டிய நம்பல. கடைசில பாத்தா ஒங்கள நம்புன எனக்குத்தான் பேப்பரும் இல்ல, வேலையும் இல்ல. அந்தக் கான்கிரீட்டுக் கூரையும் இல்ல."

மதினி அடுப்பைத் துடைத்துக்கொண்டே பொதுவாகச் சொன்னார்: "நெசக் கார்டு ஒண்ணு பீரோவுல கெடக்கு."

பூட்டு மதினியைப் பார்த்த பார்வையில் பாதி வீடு எரிந்திருக்க வேண்டும். பேங்க் கொடுத்த பிளாஸ்டிக் கார்டு அது. அவர் கணக்கில் உள்ள அத்தனைக்கும் அதுதான் வாசல். வந்த நாளிலிருந்து ஒருதடவையும் பயன்படுத்தியதில்லை.

"எம் மக காலேஜி பீஸுக்குக்கூட அத வெளிய எடுக்கலப்பா" என்றார் மதினி என்னிடம். "டிராப்டு எடுத்துக்கிட்டு மதுரைக்குப் பஸ்சுல போயிக் கட்டிட்டு வந்தாரு."

பூட்டு எழுந்து உள்ளே போனார். பீரோ திறக்கிற சத்தம், அதற்குள் இன்னொன்று திறக்கிற சத்தம், அதற்குள் ஒரு டப்பா திறக்கிற சத்தம். மஞ்சள் துணியைப் பிரித்துக்கொண்டே வந்தார். கார்டில் ஓர் எண்ணும் இல்லை. முன்னும் பின்னும் பிளேடால் சுரண்டி வைத்திருந்தார். பதினாறு எண்ணும், பின்னால் உள்ள மூன்று எண்ணும் அவர் மண்டைக்குள் மட்டும்தான். பிறகு எதற்கு அந்த மொட்டைக் கார்டை எடுத்துவந்தார் என்று கேட்காதீர்கள். நானும் கேட்கவில்லை.

"திரும்பி நில்லு" என்றார்.

"எங்கிட்டுண்ணே?"

"சன்னலப் பாத்து நில்லு. மலையப் பாரு."

நான் மலையைப் பார்த்தேன். மதினி சும்மா நிற்பதைப் பார்த்த பூட்டு, "நீயுந்தான்" என்றார்.

"நானுமா?"

"மலையப் பாருங்கிறேன்ல."

மதினியும் நானும் தோளோடு தோள் நின்று மலையைப் பார்த்தோம். மெட்டு ரோட்டின் வளைவுகள் மூடுபனிக்குள் போயிருந்தன. பின்னால் அவர் உதட்டுக்குள் எண்களை முணுமுணுத்தார். சாமியாடி குறி சொல்லப்போகிற மாதிரி மூச்சு வாங்கினார். எட்டு நிமிசம் ஆனது. "ஆச்சு" என்று சொன்னபோது குரல் யாரோ செத்துப்போன வீட்டில் பேசுகிற மாதிரி இருந்தது.

மறுபடி கடைக்கு வந்தோம்; கணினியில் சிவப்புத் திரை போயிருந்தது. மேகத்தில் எல்லாம் ஊர் ஊராகப் பிரித்து வைத்திருந்தார். மேல் லயம், கீழ் லயம், பொட்டிபுரம், ராசிங்காபுரம் என்று ஒவ்வோர் ஊருக்கும் ஒரு போல்டர். அவர் மற்ற எதையும் தேடாமல் நேரே கடைசி போல்டருக்குப் போனார். அதன் பெயர் "நம்ம வீடு". உள்ளே மதினியின் ஆதார், மகளின் மார்க் சீட்டுகள், அவர்களுடைய கல்யாணப் பத்திரிகை, அதற்கு அடுத்து என் டி.சி. மடிப்புக் கோடுகளையும் ஈரக் கறைகளையும் உட்கார்ந்து துடைத்துச் சுத்தமாக்கி வைத்திருந்தார். என்னிடம் இருந்த அசல்கூட அவ்வளவு லட்சணமாக இருந்ததில்லை.

"என்னண்ணே, இதுல கெடக்கு?" என்றேன்.

"பின்ன எதுல போடுறது? ஒனக்கு எது ஊரு? திருப்பூருங்கிற, கம்பங்கிற, கேரளாங்கிற. ஒனக்குன்னு தனியா ஒரு போல்டரு போட நீ என்ன பஞ்சாயத்தா? பிரிண்டுக்கு அஞ்சு ரூபா. சில்லறையாக் குடு."

கொடுத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கல்லாவில் போட்டார்.

மறுநாள் பேங்க் திறப்பதற்கு முன்பே வாசலில் போய் நின்று அந்த நிஜக் கார்டை ரத்து செய்துவிட்டார். காரணத்தைப் பிறகு டீக்கடையில் எல்லார் முன்னாலும் சொன்னார். "இவன் திரும்பித்தான் நின்னான். ஆனா சன்னல்ல கண்ணாடி இருக்குல்ல?"

அவர் பேங்க் வாசலில் நின்ற அதே நேரத்தில் நான் கிட்டங்கியில் இருந்தேன். மேனேஜர் என் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வேலையைக் கொடுத்தார். ஒரு பாரத்தை எடுத்து ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தவர், நிரந்தர முகவரி என்ற இடத்தில் பேனாவை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார். சிலமலை ரோட்டில் பூட்டின் வீட்டுக் கதவு எண்ணைச் சொன்னேன். அவரைக் கேட்காமல்தான் சொன்னேன். அவர் மட்டும் என்னைக் கேட்டா "நம்ம வீடு" போல்டரில் போட்டார்?